வம்சாவளிக் கோப்பு திறக்கிறது, சரி. உள்ளே எல்லாம் வந்து சேர்ந்ததா?

வம்சாவளித் தரவுகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் வேலையில் நான் அதிகம் கேட்கும் பேச்சு, "கோப்பு நன்றாகத் திறக்கிறதே" என்பதுதான். திறக்கும். ஆயிரக்கணக்கானோர் கொண்ட கோப்பில் பல குறிப்புகள் பாதியில் அறுந்திருந்தாலும் திறக்கும். பல மென்பொருள்கள் விட்டுப்போனவற்றை ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அதை எடுத்துப் படிப்பவர் அரிது.

மென்பொருள்களுக்கு இடையே தகவல் கடத்தும் பொது வடிவம் ஜெட்காம். மார்மன் திருச்சபை 1984இல் அறிமுகப்படுத்தியது. அதன் 5.5.1 பதிப்பு 1999இல் வரைவாக வந்தது. இறுதிப் பதிப்பாக அறிவிக்கப்பட்டது 2019இல்தான். வரைவு இருபது ஆண்டுகள் வரைவாகவே கிடந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு வரியும் என்ன வகைத் தகவல் என்று காட்டும் குறிகளில், அவரவர் மென்பொருளுக்கு அவரவர் சொந்தக் குறிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்று எழுதிய குறி மற்றொன்றுக்குப் புரியாது. புரியாததை அது விட்டுவிடும்.

தமிழில் குறிப்பு எழுதுவோருக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. 5.5.1 விதிப்படி ஒரு வரி 255 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. நீண்ட குறிப்பை மென்பொருள் துண்டாக்கி, அடுத்த வரியில் 'கான்க்' என்ற குறியிட்டுத் தொடரும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஓரெழுத்துக்கு 3 பைட்டுகள் (பைட்டு என்பது சேமிப்பின் சிற்றலகு). 'கி' என்றால் 6. எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டும் மென்பொருள் ஓர் எழுத்தின் நடுவிலேயே கத்தியை வைத்துவிடும். அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும். ஆன்செல் என்ற பழைய எழுத்துச் சேமிப்பு முறையில் ஏற்றுமதி செய்தால் இன்னும் மோசம்: அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. 2021இல் வந்த 7.0 பதிப்பு யூடிஎஃப்-8ஐக் கட்டாயமாக்கி, 'கான்க்' குறியையும் நீக்கிவிட்டது. இரு பக்க மென்பொருளும் 7.0ஐ ஏற்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, புகைப்படங்கள். சாதாரண ஜெட்காம் கோப்பில் படம் இருக்காது. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். விண்டோஸின் 'சி' டிரைவ் முகவரி லினக்ஸில் செல்லாது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. தமிழில் கோப்புப் பெயர் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: 'பொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பிரித்துத்தான் வைக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸோ இரண்டையும் வேறு வேறு பெயராக எடுத்துக்கொண்டு, படம் இல்லை என்று சொல்லிவிடும். படக் கோப்புகளுக்கு மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும் பெயர் வைக்கச் சொல்கிறேன். தமிழ்ப் பற்றாளர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

மென்பொருளின் தரவுத்தளக் கோப்பையே மேகச் சேமிப்புக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளில் திறக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட் வகைத் தரவுத்தளம் எழுதப்படும்போது பக்கத்திலேயே ஒரு துணைக் கோப்பு இருக்கும். ஒன்று வந்து மற்றொன்று வராமல் போனால் தரவுத்தளமே சிதையலாம். கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளைப் பயன்படுத்துவோர், இரு பக்கமும் அதே மென்பொருள் இருந்தால் ஜெட்காம் பக்கமே போக வேண்டாம்; படங்களையும் சேர்த்துக் கட்டித்தரும் அதன் சொந்தப் பொதி வடிவமே போதும். அந்தப் பொதி 4 ஜிபியைத் தாண்டினால், ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் உள்ள பென் டிரைவ் அதை ஏற்காது.

மாற்றி முடித்ததும் ஆட்கள், குடும்பங்கள், ஆதாரங்கள், படங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பிறகு மிக நீண்ட குறிப்பு உள்ளவர், இருமுறை மணந்தவர், தத்துப்பிள்ளை என்று சிக்கலான சிலரை மட்டும் திறந்து பாருங்கள். ஏதாவது இடித்தால் புதிய கோப்பில் கைவைக்காதீர்கள். பழைய கணினிக்குத் திரும்பிப் போய், ஏற்றுமதி அமைப்புகளை மாற்றி மறுபடி எடுங்கள்.