தண்டவாளத்தை ஏன் முறுக்கினார்கள்?

1864 நவம்பர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென் மாநிலங்களை எதிர்த்த வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் சுமார் 60,000 வீரர்களோடு அட்லாண்டாவிலிருந்து கடலோர நகரமான சவன்னாவை நோக்கிக் கிளம்பினார். வழியில் ரயில் பாதை வந்தால் படை நின்றுவிடும். ஸ்லீப்பர் கட்டைகளைப் பெயர்த்துக் குவித்துத் தீ வைப்பார்கள். மேலே தண்டவாளத்தைப் போட்டு, நடுப்பகுதி சிவந்ததும் மரத்தில் சுற்றுவார்கள். வளைத்தால் போதாது, முறுக்கவும் வேண்டும் என்பது ஷெர்மனின் கண்டிப்பு. வளைந்த தண்டவாளத்தைச் சூடாக்கி நிமிர்த்திவிடலாம். முறுக்கியதை ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். அத்தகைய ஆலைகள் தென் மாநிலங்களிடம் மிகக் குறைவு.

எதிரியின் விநியோகத்தைத் தாக்கும் உத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. உடைக்க ஒரு மணி நேரம் ஆனால், சரிசெய்ய மாதக்கணக்கில் ஆக வேண்டும். மாற்று வழியும் இருக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு அப்படி அமைந்தவை, நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்த ஆலைகள். 1944 மே மாதம் நேச நாடுகள் அவற்றைக் குறிவைத்துக் குண்டு வீசத் தொடங்கின. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த அவற்றின் விமான பெட்ரோல் உற்பத்தி, செப்டம்பரில் 5,000 டன்னுக்கு விழுந்தது. விமானங்கள் தயாராகிக்கொண்டுதான் இருந்தன. புது விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கக்கூட எரிபொருள் இல்லை.

சரி, மக்களின் மன உறுதியை உடைப்பது? இங்கேதான் தளபதிகளின் கணக்கு திரும்பத் திரும்பத் தப்பியிருக்கிறது. 1940 செப்டம்பர் 7 முதல் 57 இரவுகள் லண்டன்மேல் தொடர்ந்து குண்டு விழுந்தது, பிரிட்டன் பணியவில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் பல்லாயிரம் பேர் தீயில் மாண்டார்கள், ஜெர்மனியும் பணியவில்லை. பயந்துபோன மக்கள் அரசை நெருக்குவார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் வீடு இழந்தவனுக்கு அன்றைய ரொட்டியும் படுக்க இடமும் தருவது அதே அரசுதானே? அவன் முன்பைவிட அதிகமாக அதைச் சார்ந்துவிடுகிறான். நாஜி ஆட்சியில் எதிர்த்துப் பேசினால் உயிருக்கே ஆபத்து. போருக்குப் பின் அமெரிக்கா நடத்திய விரிவான ஆய்வும், மக்கள் சோர்ந்தார்கள், ஆனாலும் வேலைக்குப் போனார்கள் என்றே சொன்னது.

இரண்டு உத்தியும் சேரும்போது வருவது பட்டினி முற்றுகை. என்னைப் பொறுத்தவரை இதைவிடக் கொடியது இல்லை. 1941 நவம்பரில், ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்த சோவியத் நகரமான லெனின்கிராடில் குழந்தைகளுக்கு ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவோடு கலப்படம். ஊர் பணியவில்லை, லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 1977இல், போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்ந்த நெறிமுறை, மக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளத் தடை விதித்தது. மக்கள் உயிர்வாழத் தேவையான பயிர், கால்நடை, குடிநீர் அமைப்பு, பாசன வசதி ஆகியவற்றை அந்த நோக்கத்தோடு அழிப்பதும் அதில் அடக்கம்.