காகித ஆலையில் 480 நாள்: நிரந்தரம் கேட்பவர் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில், 24 மாதத்துக்குள் 480 நாள் பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். பதிலி (வராதவருக்கு மாற்றாள்), கேஷுவல் (அவ்வப்போது அழைக்கப்படுபவர்), தற்காலிகம் என எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் இது பொருந்தும். சட்டம் இவ்வளவுதான், அந்த 480ஐ எண்ணுவதில்தான் தொழிலாளியை ஏமாற்றுகிறார்கள்.

240 நாள் போதும் என்று ஆலை வாசலில் பலர் நம்புகிறார்கள். அது ஆட்குறைப்பு இழப்பீடு போன்றவற்றுக்கான கணக்கு. இரண்டையும் குழப்பி மனு எழுதாதீர்கள். அதேபோல, நடுவில் பத்து நாள் 'பிரேக்' கொடுத்துவிட்டு, கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் சொன்னால் ஏற்காதீர்கள். நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, உங்கள் தவறின்றி வேலை நின்ற காலம் ஆகியவை பணித் தொடர்ச்சியை முறிப்பதில்லை. லே-ஆஃப் (வேலை தர முடியாமல் ஆலை தற்காலிகமாக நிறுத்திவைத்த) நாள்களும் முழுச் சம்பள விடுப்பும் 480க்குள்ளேயே சேரும்.

ஒப்பந்தத் தொழிலாளர் நிலைதான் மிகக் கொடுமை. ஓர் ஆலையின் ஃபினிஷிங் பிரிவில் ஆண்டுக்கணக்கில் ரீல் உருட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழைய கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் உரிமை கேட்டபோது, "எங்கள் ஆளே இல்லை" என்று நிர்வாகம் ஒரே வரியில் முடித்துவிட்டது; மறுத்துக் காட்ட அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. வேலை பார்த்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது. ஆகவே பாஸை ஒப்படைக்கும் முன் நகல் எடுங்கள், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பதிவு, சம்பளச் சீட்டு, ஆலையின் சூப்பர்வைசர் கையெழுத்திட்ட வேலைச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். "முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்" என்று நீட்டும் தாளிலும், வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

ஆலை வைத்திருக்க வேண்டிய தொழிலாளர் பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் முதலில் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். திருத்தாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் மனுக் கொடுங்கள். அங்கே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் ஆய்வாளரிடமே திருப்பி அனுப்புவார்கள். ஒரு ஷிஃப்டுச் சம்பளத்தை இழந்து வரும் மனிதரை இப்படி அலைக்கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வாய்ப்பதிலோடு திரும்பி வராமல், மனுவை ஏற்க முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

சங்க உறுப்பினர் அட்டை இங்கேதான் உதவுகிறது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தனி ஆளாகத் தொழில் தகராறு எழுப்பலாம். நிரந்தரம் கேட்டு எழுப்ப, பொதுவாகச் சங்கமோ கணிசமான சகதொழிலாளரோ துணை நிற்க வேண்டும். ஆனால் சில சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளரை மட்டுமே சேர்க்கின்றன. சந்தா கட்டும் முன் விதிநூலைப் பார்த்துவிட்டு, ரசீதை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். மனு அனுப்பினால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.