ரிவர்ஸ் எடுக்கும் உட்கரு

வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்கிறார்: "செல் படத்தில் உட்கருவை நடுவில் போடச் சொல்கிறார்கள். அது அங்கேயேதான் கிடக்குமா சார்?"

கிடக்காது. கரு வளரும்போது பல செல்களில் உட்கரு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போயாக வேண்டும். இழுத்துப் போவது மோட்டார் புரதங்கள். செல்லுக்குள் ஓடும் நுண்குழல்கள் மீது, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து நடப்பவை இவை. கைனசின் ஒரு திசைக்கு, டைனீன் எதிர்த்திசைக்கு. கைனசினின் ஓர் எட்டு 8 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் போக 1,25,000 எட்டு வைக்க வேண்டும்.

உட்கருவை எங்கே பிடிப்பது? அதற்கு இரட்டைச் சவ்வு. உள்சவ்வில் அன்க்-84, வெளிச்சவ்வில் அன்க்-83 என்று இரு புரதங்கள் இடைவெளியில் கைகோத்துக்கொள்கின்றன. அன்க்-83இன் வெளிமுனையை மோட்டார்கள் பற்றிக்கொள்ளும். இவை சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவில் கிடைத்தவை. அன்க்-84 பழுதானால் புழுவின் நடை கோணலாகிறது, முட்டையிடவும் திணறுகிறது. "புழுவுக்கு எதுக்கய்யா அரசாங்கப் பணம்?" என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

அந்தப் புழுக்கருவின் முதுகுத்தோலில் இடப்பக்க உட்கருக்கள் வலப்பக்கம் போகும், வலப்பக்கத்தவை இடப்பக்கம் வரும். முன்னே தள்ளுவது கைனசின். அப்படியானால் டைனீனும் ஏன் அதே உட்கருவில் தொற்றிக்கொண்டிருக்கிறது? இரண்டும் சண்டையிட்டால் வண்டி நகருமா? படமெடுத்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. வழியில் ஏதாவது தட்டினால் உட்கரு நின்றுவிடுகிறது. உடனே டைனீன் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறது. சிலசமயம் உட்கரு உருளவும் செய்கிறது. பிறகு வேறு பக்கமாக முன்னேறுகிறது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் லோடு லாரி, கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். டைனீன் இல்லாத உட்கருக்கள் முட்டிய இடத்திலேயே நிற்கின்றன. எனக்கு இதைவிட அழகான புரதக் கதை தெரியாது.

மனித மூளையிலும் இதே டைனீன் உண்டு. புது நரம்புச் செல் மூளையின் உள்ளிருந்து மேற்பரப்பை நோக்கி ஊர்ந்து போகையில், பின்தங்கும் உட்கருவை அதுதான் இழுக்கிறது. அதற்குத் துணைநிற்கும் லிஸ்1 புரதத்தின் மரபணு பழுதானால் செல்கள் இடம் சேராமல், மூளை மடிப்பில்லாமல் வழுவழுவென்று அமைந்துவிடும். அப்படிப் பிறந்த குழந்தையின் தாயைப் பார்த்து, "கிரகணத்தன்னிக்கு காய் நறுக்குனியா?" என்று கேட்பது கொடுமை. இந்தப் பழுது பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாக உண்டாவது. சில குடும்பங்களில் மட்டும் பெற்றோரில் ஒருவரிடம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆகவே அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது. அரிவாள்மனையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.