தலைதட்டி அளக்கும் சென்சார்

ஃபிலிம் ரோல் போட்டுப் படம் எடுத்துப் பழகி, அப்புறம் வேலை, குடும்பம் என்று காமிராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இப்போது மறுபடியும் ஒரு மிரர்லெஸ் காமிராவோடு கிளம்பியிருப்பவர்களைப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பார்க்கலாம். மெனுவையும் பட்டன்களையும் கண்டுதான் பயப்படுகிறார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். காலை வாருவது, கையில் ஊறிப்போன பழைய வெளிச்சக் கணக்கு.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ நின்று பாருங்கள். தீர்த்தவாரிக்கு வந்த சாமிகள், ஏறுவெயில், சலவை வேட்டிகள், பளபளக்கும் வெள்ளிக் கவசம், பந்தல் நிழலில் முகங்கள். அந்தக் காலத்தில் நெகட்டிவ் ஃபிலிமில் எடுத்தவர் யோசிக்கவே மாட்டார். நிழலில் இருக்கும் முகத்துக்கு லைட் மீட்டர் பார்த்து அடிப்பார். வேட்டி கொஞ்சம் ஓவர் ஆனாலும், அதாவது வெளிச்சம் மிஞ்சிப்போனாலும், பிரிண்ட் போடும்போது ஸ்டூடியோக்காரர் சமாளித்துவிடுவார். அதே கணக்கை டிஜிட்டலில் போட்டால் வேட்டி மடிப்பெல்லாம் மறைந்து ஒரே வெள்ளைத் திட்டு. கணினியில் எவ்வளவு இருட்டாக்கினாலும் அது சாம்பல் திட்டாகுமே தவிர, மடிப்பு திரும்பி வராது.

காரணம் ஃபிலிமும், டிஜிட்டல் காமிராவில் அதன் இடத்தில் இருக்கும் சென்சாரும் வெளிச்சத்தை வாங்கும் விதத்தில் இருக்கிறது.

ஃபிலிம் என்பது ஜெலட்டினில் பதித்த வெள்ளி ஹாலைடு படிகங்கள். பெரும்பாலும் வெள்ளி புரோமைடு, கூடக் கொஞ்சம் அயோடைடு. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்ததும் இதே சரக்குதான். ஒளித்துகளான ஃபோட்டான் ஒன்று படிகத்தில் பட்டதும் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. படிகத்தில் குறையுள்ள ஓரிடத்தில் அது மாட்டிக்கொள்ள, அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. ஒரே இடத்தில் ஏறக்குறைய நான்கு அணுக்கள் கூடிவிட்டால் போதும், டெவலப்பர் என்ற ரசாயனம் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். நான்கு அணு போட்ட விதை, கோடிக்கணக்கான அணுக்களாகப் பெருகுகிறது. 1938-இல் கர்னி, மாட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதை விளக்கினார்கள். நான்கு சேராத படிகத்துக்கு வாழ்வில்லை. கழுவும் ஹைப்போ கரைசலில் கரைந்து போய்விடும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். மிகக் குறைந்த வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு படிகமும் வரம்பைத் தாண்டாது. அங்கே நெகட்டிவ் வெறுமையாக இருக்கும். அதனால்தான் ஃபிலிமில் நிழல் போனால் போனதுதான். வெளிச்சமான பக்கத்தில் கதை வேறு. படிகங்கள் ஒரே அளவில் இல்லை. பெரியவை சுலபமாக ஒளியைப் பிடித்துச் சீக்கிரம் விழுந்துவிடும், அதாவது வரம்பைத் தாண்டிவிடும், சிறியவை தாக்குப் பிடிக்கும். ஏற்கெனவே விழுந்த படிகத்தில் மறுபடி எத்தனை ஃபோட்டான் பட்டாலும் வீண்தான். ஆகவே வெளிச்சம் கூடக் கூட, புதிதாக விழுவதற்குப் பாக்கியிருக்கும் படிகங்கள் குறைந்துகொண்டே வரும். ஃபிலிம் சட்டென்று நிரம்பாது; மெல்ல மெல்லத் தயங்கி நிரம்பும். ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் வெளிச்சம் கூடக் கூட நெகட்டிவ் எவ்வளவு கறுக்கிறது என்று இங்கிலாந்தில் 1890-இல் வரைந்து காட்டிய வளைகோட்டின் மேல்முனை சாய்வாக வளைவது இதனால்தான்.

சென்சாரில் இந்த வளைவு கிடையாது. சிலிக்கானில் ஒரு ஃபோட்டான் விழுந்தால் அதிகபட்சம் ஓர் எலக்ட்ரான். நூறு பிடிபட்டால் நூறு, ஆயிரம் பிடிபட்டால் ஆயிரம், நேர்க்கோட்டில் ஏறும். பெரிய சென்சார் உள்ள காமிராவில் ஒரு பிக்ஸல் சில பத்தாயிரம் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் வருவது கணக்கிலேயே சேராது. களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஃபிலிம் படியைக் குவித்து அளக்கிறது, விளிம்புக்கு மேலும் கோபுரமாகக் கொஞ்சம் நிற்கும், சென்சார் தலைதட்டி அளக்கிறது. வேட்டியின் மடிப்பும் மேடும் இரண்டுமே விளிம்பைத் தாண்டிவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண்தான் பதிவாகும். வித்தியாசமே பதிவாகாதபோது எந்த மென்பொருளாலும் அதைக் கொண்டுவர முடியாது.

ஸ்லைடு ஃபிலிமில் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. அதுவும் ஓவரைத் துளியும் மன்னிக்காது. டிஜிட்டலுக்கு அவர்கள் அலட்டிக்கொள்ளாமல் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சென்சாரில் நிழல் பத்திரமா? ஓரளவுக்கு. ஓர் எலக்ட்ரான் வந்தாலும் அது கணக்கில் சேரும், நான்கு சேர வேண்டும் என்ற வரம்பு இல்லை. ஆனால் ஃபோட்டான்கள் மழைத்துளி போலத் தாறுமாறாக விழுபவை. சராசரியாக 100 விழ வேண்டிய இடத்தில் ஒரு பிக்ஸலில் 90, பக்கத்தில் 110 என்று விழும். ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 100-க்கு 10, அதாவது பத்து சதவீதம், 10,000-க்கு 100, வெறும் ஒரு சதவீதம். நிழலைத் தூக்கினால் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலில் பெரும்பங்கு இதுதான். அதைக் காமிராவின் கோளாறு என்று நினைக்க வேண்டாம், ஒளியின் சுபாவமே அப்படி. நல்ல வெளிச்சத்தில் ரா கோப்பாக, அதாவது சென்சார் தந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால் இன்றைய சென்சாரில் மூன்று ஸ்டாப் நிழலைக்கூடத் தூக்கிவிடலாம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தில் ஓர் இரட்டிப்பு). கடலிலிருந்து சூரியன் எழும்போது காந்தி சிலையைச் சாலைப் பக்கமிருந்து எடுப்பவர், வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டுச் சிலையை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். நெகட்டிவ் காலத்தில் இதே காரியத்தை பைத்தியக்காரத்தனம் என்றிருப்பார்கள்.

வெளிச்சத்துக்கான வேகத்தைச் சொல்லும் எண்ணான ஐ.எஸ்.ஓ. விஷயத்திலும் (ஃபிலிம் காலத்தில் ஏ.எஸ்.ஏ.) பழைய ஞானம் கொஞ்சம் ஏமாற்றும். 400 ஏ.எஸ்.ஏ. ஃபிலிம் உண்மையிலேயே வேறு சரக்கு, படிகங்கள் பெரியவை. காமிராவில் ஐ.எஸ்.ஓ.வை 400-க்குத் திருப்பினால் சென்சார் மாறுவதில்லை. வந்த சமிக்ஞையைப் பெருக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பெருக்கும்போது உச்சி எண்ணைச் சீக்கிரம் தொட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் வெளிச்சப் பக்கத்தில் ஒரு ஸ்டாப் இடம் போய்விடும். பகல் வெயிலில் 800-இல் மறந்து விட்டுவிட்டு வேட்டிகளை எடுக்கக் கூடாது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் மஞ்சள் சுவர். பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் காலை வெயில் விழும் அந்தச் சுவரை எடுத்தால், திரையில் எல்லாம் சரியாகத் தோன்றும். வீட்டில் வந்து பார்த்தால் சுண்ணாம்புப் பூச்சின் சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று பிளாஸ்டிக் போல இருக்கும். சென்சாருக்கு நிறம் தெரியாது. கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பிக்ஸல்களில் பாதிக்குப் பச்சை வடிகட்டி, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்துக் காமிரா ஊகித்துக்கொள்கிறது. வெயில் பட்ட கடுகு மஞ்சளிலிருந்து சிவப்பு ஏராளமாக வரும், நீலம் வராது. எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்ஸல் என்று, இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமுமாகக் காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். மூன்று நிறங்களையும் சேர்த்துக் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராம் நடுவில் நிம்மதியாக நிற்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். காகிதப்பூவும் இதே ரகம். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டு, சிவப்பு வலது சுவரில் முட்டினால் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறைத்துவிடுங்கள். அந்த ஹிஸ்டோகிராம், காமிராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படத்தை வைத்து வரையப்படுவது. ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும், ஆனால் அதை நம்பித் தைரியம் கொள்ளாமல் இருப்பது நல்லது.

லைட் மீட்டர் மட்டும் அன்றுபோல் இன்றும் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைக்கும் அதன் புத்தி முழுசாகப் போகவில்லை. திரை நிறைய வெள்ளைச் சுவரைக் காட்டினால் மங்கலாக்கும். அங்கே கூட்டித்தான் ஆக வேண்டும், ஹிஸ்டோகிராம் விளிம்பைத் தொடாதவரை.

நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும் சென்சார் ரொம்பத் தாராளம். விடியலுக்கு முன் கடற்கரைக் கருங்கற்களில் அலை பனிமூட்டமாகத் தெரிய வேண்டுமென்று ஸ்டாண்டில் வைத்து நொடிக்கணக்கில் திறந்து வைப்பவர்கள், ஃபிலிமில் மீட்டர் சொன்ன நேரத்தை நம்ப முடியாது. தனி ஒரு வெள்ளி அணு நிலையில்லாதது, துணைக்கு அடுத்த அணு சீக்கிரம் வராவிட்டால் கலைந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் ஃபோட்டான்கள் அரிதாக வருவதால் பலது இப்படி வீணாகும். கோடக் ட்ரை-எக்ஸுக்கு மீட்டர் 10 நொடி காட்டினால் 50 நொடி கொடுக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொன்னது. சென்சாரில் பிடிபட்ட எலக்ட்ரான் அங்கேயே இருக்கும். 10 என்றால் 10.

பதிலுக்கு வேறொரு தொல்லை: வெப்பத்தினாலேயே சில எலக்ட்ரான்கள் தாமாகக் கிளம்பி வெளிச்சம் போல நடிக்கும். ஆறு முதல் எட்டு டிகிரி கூடினால் இவை ஏறக்குறைய இரட்டிக்கும், சித்திரையில் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவற்றைக் கழிக்க, 30 நொடிப் படம் எடுத்ததும் பல காமிராக்கள் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடி இருட்டைப் படமெடுத்து, முதல் படத்திலிருந்து அதைக் கழிக்கும். அதுவரை பட்டன் எதுவும் வேலை செய்யாது. ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சூரியன் வரப்போகிற அந்தச் சில நிமிடங்களில் மட்டும் மெனுவில் இந்த வசதியை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் பாதி நேரம் மூடிய ஷட்டரோடு போய்விடும்.