பீனால் ஏன் ஆல்கஹால் போல நடப்பதில்லை?

ஒரு சோதனைக்குழாயில் பீனாலைப் போட்டு, அது முழுதும் கரையாத அளவுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் போலக் கலங்கிவிடும். அதில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, கலங்கல் மறைந்து தெளிந்துவிடும். தெளிந்த கரைசலுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் மறுபடியும் கலங்கும். பீனாலின் பாதி வேதியியல் இந்த ஒரு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. (வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல இது. பீனால் தோலை வெந்துபோகச் செய்யும். கூடவே அந்த இடத்தை மரத்துப்போகவும் செய்வதால், சுட்டதே உடனே தெரியாது.)

பீனாலின் அமைப்பில் சிக்கல் ஏதுமில்லை. 6 கார்பன்கள் கொண்ட பென்சீன் வளையம். அதில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH. அதே தொகுதிதான் சாதாரண ஆல்கஹாலான எத்தனாலிலும் இருக்கிறது. ஆனால் அமிலத்தன்மையில் பீனால் எத்தனாலைவிடச் சுமார் 10 லட்சம் மடங்கு வலுவானது. அமில வலிமையைக் காட்டும் பிகேஏ மதிப்பில் (எண் குறையக் குறைய அமிலம் வலுவானது; ஒவ்வொரு எண்ணும் 10 மடங்கு) சொன்னால் எத்தனாலுக்கு 16, பீனாலுக்கு 10.

காரணம், ஆக்சிஜனிடம் உள்ள தனித்த எலக்ட்ரான் ஜோடி. எத்தனாலில் அது ஆக்சிஜனோடு இருந்துவிடுகிறது. பீனாலிலோ பக்கத்தில் இருக்கும் வளையத்தின் எலக்ட்ரான் மேகத்தோடு ஓரளவு கலந்துவிடுகிறது. இது வெறும் கற்பனையல்ல, அளந்தே பார்க்கலாம்: இன்னொரு ஆல்கஹாலான மெத்தனாலில் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பின் நீளம் 142 பைக்கோமீட்டர், பீனாலில் 136. பிணைப்பு சுருங்கி, இரட்டைப் பிணைப்பின் சாயல் ஏறியிருக்கிறது. அதனால்தான் எத்தனாலின் ஹைட்ராக்சில் தொகுதியைப் பிய்த்துவிடும் ஹைட்ரோபுரோமிக் அமிலத்தால் பீனாலை அசைக்க முடிவதில்லை.

ஹைட்ரஜன் அயனி கழன்று போனால் மிஞ்சுவது பீனாக்சைடு அயனி. அதன் எதிர்மின்சுமை ஆக்சிஜன் தலையில் மட்டும் விழாமல், வளையத்தின் ஆர்த்தோ (பக்கத்து இரண்டு), பாரா (நேர் எதிரே உள்ள) கார்பன்களுக்கும் பரவுகிறது. சுமை பங்கிடப்படுவதால் அயனி நிலையாக நிற்கிறது, தண்ணீரிலும் கரைகிறது. குழாய் தெளிந்தது இதனால்தான். ஆனாலும் பீனால் கார்பானிக் அமிலத்தைவிட மெலிந்தது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமானதும், பீனாக்சைடு அதனிடமிருந்து ஹைட்ரஜனைத் திரும்ப வாங்கிக்கொண்டு பீனாலாகி, கரைசல் பழையபடி கலங்குகிறது. 1834-ல் நிலக்கரித் தாரிலிருந்து பீனாலைப் பிரித்த வேதியியலாளர் ரூங்கே ‘கார்பாலிக் அமிலம்’ என்றே பெயர் வைத்தார். 1865-ல் அறுவை மருத்துவர் லிஸ்டர் காயங்களில் கிருமியைக் கொல்லப் பயன்படுத்தியதும் இந்தப் பெயரில்தான்.

இனி வளையத்தின் பக்கம். ஆக்சிஜன் தந்த எலக்ட்ரான்களால் வளையம் செழித்துக் கிடக்கிறது. பென்சீனை புரோமினோடு வினைபுரிய வைக்க வினையூக்கி வேண்டும். பீனாலுக்குப் புரோமின் நீரே போதும்: விட்டவுடன் ஆரஞ்சு நிறம் காணாமல் போய், வெள்ளை வீழ்படிவு இறங்கும். ஒன்றல்ல, (ஹைட்ராக்சில் உள்ள கார்பனை 1 என்று எண்ணினால்) 2, 4, 6 ஆகிய மூன்று இடங்களிலும், அதாவது அதே ஆர்த்தோ, பாரா இடங்களில், புரோமின் ஏறிவிடும். ஒன்றோடு நிறுத்த வேண்டுமானால் தண்ணீரைத் தவிர்த்து, கார்பன் டை சல்பைடு போன்ற கரைப்பானில் குளிரவைத்துச் செய்ய வேண்டும்.

அதே மூன்று இடங்களில் நைட்ரோ தொகுதிகள் அமர்ந்தால் பிக்ரிக் அமிலம். அவை எலக்ட்ரான்களை வெறியோடு இழுப்பதால் பிகேஏ 0.4-க்கு இறங்கிவிடுகிறது, காய்ந்தால் வெடிக்கும் வேறு. அதே இடங்களில் ஃபார்மால்டிஹைடு பாலம் போட்டால் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. வேதியியலாளர் பேக்லாண்ட் 1907-ல் உருவாக்கிய பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் அதுதான். ஒருமுறை இறுகியபின் சூடாக்கினாலும் உருகாது. சோடியம் பீனாக்சைடை அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடோடு சூடாக்கிப் பிறகு அமிலம் சேர்த்தால் கிடைப்பது சாலிசிலிக் அமிலம், ஆஸ்பிரினின் மூலப்பொருள்.

தூய பீனால் நிறமற்ற படிகம், சுமார் 41 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அலமாரியில் பழைய குப்பியைத் திறந்தால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும்: காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தொட்டுவிட்டதன் அடையாளம். வைட்டமின் ஈ மூலக்கூறிலும் இதே பீனால் தொகுதி உண்டு. செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்க வரும் தனியுறுப்புக்கு (ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரான் கொண்ட துகளுக்கு)த் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரானை வளையமெங்கும் பரப்பி அடங்கிவிடுகிறது.