பிரெடிக்‌ஷன்: கணிப்பா, ஊகமா, குறியா?

2015 ஜூன் 16, செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது திங்கட்கிழமை மாலை ஆறு. அங்கே புது வீடியோ கேம்களை அறிவிக்கும் ஈ3 கண்காட்சியை ஒட்டி சோனி மேடையேறிக்கொண்டிருந்தது. இங்கே சேலம் அம்மாபேட்டையில், நண்பன் வீட்டுத் திண்ணையில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிட்டதால் ஸ்பீக்கரில் பாதி காதில் விழவில்லை. என் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. என்னென்ன கேம் அறிவிக்கப்படும் என்று ஆளாளுக்குச் சொன்னதை முந்தின இரவே அதில் எழுதி வைத்திருந்தோம். சொன்னது பலித்தால் ஒன்றுக்கு ஒரு தட்டுவடை செட். பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில் ‘ஈ3 பிரெடிக்‌ஷன்’.

காபி கொண்டுவந்த நண்பனின் அம்மாயி நோட்டையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னங்கடா, விடிஞ்சும் விடியாம குறி கேக்கறீங்களா?”

சிரித்துவிட்டோம். ஆனால் அம்மாயி போட்டது நல்ல கேள்வி. நாங்கள் செய்துகொண்டிருந்ததற்குத் தமிழில் என்ன பெயர்?

பிரெடிக்‌ஷன் லத்தீனிலிருந்து வந்த சொல். ‘ப்ரே’ என்றால் முன்னால், ‘டீகெரே’ என்றால் சொல்வது. முன்கூட்டிச் சொல்வது, அவ்வளவுதான். எதை வைத்துச் சொன்னாய் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. கணக்குப் போட்டுச் சொன்னாலும், கனவு கண்டு சொன்னாலும், பல்லி சொன்னதைக் கேட்டுச் சொன்னாலும் எல்லாம் பிரெடிக்‌ஷன்தான். தமிழ் அப்படி விடாது. எப்படித் தெரிந்துகொண்டாய் என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறிவிடும். ஒற்றைச் சொல்லைத் தேடினால் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

அம்மாயி சொன்ன ‘குறி’யில் சொல்பவர் வெறும் வாய்தான், பேசுவது சாமி. கோடங்கி உடுக்கை அடித்துச் சொல்வது அது. ‘ஆரூடம்’ சோதிடர் சமாச்சாரம். கேள்வி கேட்ட நேரத்தை வைத்துப் பலன் பார்ப்பது. பத்திரிகைகள் தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் ‘ஆரூடம்’ போடுவது பாதி கிண்டலாகத்தான். இரண்டும் நமக்கு ஆகாது.

ஆனால் இந்த வரிசையில் மறந்துபோன ஒரு சொல் இருக்கிறது: விரிச்சி. முல்லைப்பாட்டில் வரும். தலைவன் போருக்குப் போயிருக்கிறான், எப்போது திரும்புவான் என்று தெரியவில்லை. வயதான பெண்கள் ஊர் எல்லைக்குப் போய், நாழி நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, ஏதாவது நல்ல சொல் காதில் விழாதா என்று காத்து நிற்கிறார்கள். பசியில் தவிக்கிற கன்றுக்குட்டியிடம் இடைக்குலப் பெண் ஒருத்தி, உன் அம்மா இப்போதே வந்துவிடுவாள் என்று சொல்வது கேட்கிறது. அவள் சொன்னது கன்றுக்கு. இவர்கள் எடுத்துக்கொண்டது தலைவனுக்கு. இதுதான் விரிச்சி.

ஜூன் மாத அறிவிப்புகளுக்கு முன்னால், கேம் ரசிகர்கள் மே கடைசியில் செய்வது அச்சு அசல் இதே வேலை. கேம் உருவாக்குகிற யாரோ ஒரு டெவலப்பர் ‘இந்த மாதம் ரொம்ப பிஸி’ என்று எழுதியிருப்பார். அவர் வீடு மாற்றிக்கொண்டிருக்கலாம், பிள்ளைக்குப் பரீட்சையாக இருக்கலாம். இவர்கள் அதை எடுத்து, பழைய கேமின் அடுத்த பாகம் உறுதி என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேம் தயாரிக்கும் ஸ்டுடியோவின் படத்தில் பின்னணியில் ஒரு வெள்ளைப் பலகை தெரிந்தால் போதும், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். நெல்லும் பூவும் மட்டும்தான் பாக்கி.

சரி, நோட்டுக்கு வருவோம். ‘ஊகம்’ பொருந்துமா? வடமொழி ‘ஊஹ’த்திலிருந்து வந்தது, கொஞ்சம் அடையாளம் தெரிந்து மீதியை மனத்தால் நிரப்புவது. சங்கப் பாடல்களில் ஊகம் என்றால் கருங்குரங்கு, அது வேறு சொல். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் கையிலிருக்கிற சோளத்தைப் பிடுங்குவதும் அந்த ஊகம் இல்லை, சாதாரணக் குரங்குதான். ‘யூகம்’ என்று எழுதுகிறவர்கள் இப்போது அதிகம். ஊகம் என்றே எழுதலாம்.

அப்புறம் ‘கணிப்பு’. கணக்கு, கணினி, கணியன் எல்லாம் இருக்கிற குடும்பம். கணியன் நாளும் கோளும் கணக்கிட்டுச் சொல்பவர், ஆக இதற்கும் சோதிட வாசனை உண்டு. ஆனால் இன்று வானிலைக்கும் கருத்துக்கணிப்புக்கும் புழங்கிப் புழங்கி, தரவை வைத்துச் சொல்வது என்ற பொருள் நிலைத்துவிட்டது. ஒரு ஸ்டுடியோ கேம் வெளியிட்டு நாலைந்து வருஷம் ஆகிறது, ஆள் எடுக்கிறார்கள், புதுப் பெயருக்கு டிரேட்மார்க் பதிந்திருக்கிறார்கள், எந்த வயதினருக்கு ஏற்ற கேம் என்று மதிப்பிடும் தென்கொரியப் பட்டியலில் அந்தப் பெயர் தென்படுகிறது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து ‘இந்த ஜூனில் வரும்’ என்றால் அது கணிப்பு. ‘முன்கணிப்பு’ என்று நீட்ட வேண்டியதில்லை, நடந்து முடிந்ததை யாரும் கணிப்பதில்லை. ‘முன்னறிவிப்பு’ மழைக்குச் சரி, இங்கே குழப்பும்: அறிவிப்பது கம்பெனியின் வேலை, நாம் அதற்கு முன்னால் கணிக்கிறவர்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று லீக் (leak), அதாவது அறிவிப்புக்கு முன்பே விஷயம் வெளியே வந்துவிடுவது. ஒழுகுவது, சொட்டுவது என்பதுதான் அதன் மூலப்பொருள். தமிழில் ‘கசிவு’ என்று நேராகவே வைத்துக்கொள்ளலாம். 2018 மே மாதம் வால்மார்ட்டின் கனடாக் கடைத் தளத்தில், அதுவரை அறிவிக்கப்படாத கேம்களின் பெயர்கள் விற்பனைப் பட்டியலில் ஏறிவிட்டன. ரேஜ் 2, ஜஸ்ட் காஸ் 4 எல்லாம் அதில் இருந்தன. அடுத்த சில வாரங்களில் இரண்டுமே முறைப்படி அறிவிக்கப்பட்டன. 2019-இல் எல்டன் ரிங் என்ற கேமும் ஈ3 மேடைக்கு முன்பே கசிந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு வந்து ‘நான் அப்பவே பிரெடிக்ட் பண்ணினேன்’ என்பவர்கள் உண்டு. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு எந்தக் கேள்வி வரும் என்று சொல்வதற்குக் கணிப்பு என்று பேர் கிடையாது.

அன்றைக்குக் காலை என்ன ஆயிற்று என்றால், முதல் காட்சியே தி லாஸ்ட் கார்டியன். 2009-இல் அறிவித்து, அப்புறம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. பிறகு ஃபைனல் ஃபேண்டஸி 7 மறு உருவாக்கம். அதற்கும் பிறகு ஷென்மூ 3, முந்தைய பாகம் வந்து 14 வருஷம் கழித்து. தறிச் சத்தத்தையும் மீறி நண்பன் கத்திய கத்தலில் அம்மாயி மறுபடி எட்டிப் பார்த்தார். மூன்றையும் நோட்டில் எழுதியிருந்தது அவன்தான். எதை வைத்து எழுதினான் என்று கேட்டேன். “ஆசைதான்டா” என்றான்.

அதற்கும் தமிழில் சொல் இருக்கிறது, வேண்டுதல். பிரெடிக்‌ஷன் என்ற பெயரில் ரசிகர்கள் வெகுகாலமாகக் காத்திருக்கும் ஹாஃப்-லைஃப் 3 கேமை வருஷா வருஷம் எழுதுகிறவர்கள் கணிக்கவும் இல்லை, ஊகிக்கவும் இல்லை. வேண்டிக்கொள்கிறார்கள்.

1995-இல் தொடங்கிய ஈ3 இனி நடக்காது என்று 2023 டிசம்பரில் சொல்லிவிட்டார்கள். ஜூன் மாத அறிவிப்புகள் இப்போது சம்மர் கேம் ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியின் பக்கம் போய்விட்டன. நோட்டு மட்டும் தொடர்கிறது. மேலே ‘கணிப்பு’ என்று எழுதிக் கட்டம் போட்டுவிட்டோம். கணிப்பு பலித்தால் ஒரு செட், வேண்டுதல் பலித்தால் இரண்டு. கசிவைப் பார்த்துச் சொன்னவன்தான் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும்.