ஹைபிரிட் கார்ல மைலேஜ் எப்படி கணக்கு பாக்கணும், அது எங்க போய் குறையுது

சென்னையில ஹைபிரிட் வண்டிங்கள வேலை பாக்குற டெக்னீஷியன் நான். சர்வீசுக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் எங்கிட்ட கேக்குறது ஒரே விஷயம்தான், "சார், கம்பெனிக்காரன் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் வரும்னு சொன்னான், எனக்கு 21 தாண்டல, வண்டியில ஏதோ கோளாறு இருக்கு பாருங்க". ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு சொல்ற கணக்கு 27.97, இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு 23.24. இது ரெண்டுமே லேப்ல ரோலர் மேல ஏத்தி, ஏசி போடாம, ஒரே மாதிரி ஸ்பீடு டைம்டேபிள் வெச்சு ஓட்டி எடுக்குற நம்பர். ஓஎம்ஆர் டிராஃபிக்ல மே மாச வெயில்ல நாலு பேர் உக்காந்து போற வண்டிக்கும் அந்த நம்பருக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது, ரெண்டு மாடல ஒப்பிட்டுப் பாக்கத்தான் அது உதவும். நான் பாக்குற ஹைரைடர் சைஸ் வண்டிங்கள்ல 20-லேந்து 24 வந்தாலே அது நல்லா ஓடுற வண்டி.

இன்னொண்ணு மொதல்லயே சொல்லிடறேன். எர்டிகா, பிரெஸ்ஸால எல்லாம் ஸ்மார்ட் ஹைபிரிட்னு எழுதியிருக்கும், அது மைல்ட் ஹைபிரிட். பெல்ட்ல சுத்துற சின்ன மோட்டார் இன்ஜினுக்கு கொஞ்சம் கை குடுக்கும், அவ்வளவுதான், இன்ஜின் ஆஃப்ல வண்டி நகராது. நான் இங்க சொல்றது இன்ஜின் ஆஃபாகி மோட்டார்லயே ஓடக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு. கிராண்ட் விட்டாரால ரெண்டு வகையும் வருது, உங்களோடது எதுன்னு பாத்துக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஹைபிரிட் ஓட்டுறவங்க நிறைய பேரோட கண்ணு டேஷ்போர்டுல இருக்கிற பேட்டரி கட்டத்து மேலயும் ஈவி-ன்னு எரியுற பச்சை லைட்டு மேலயும்தான் இருக்கு. ட்ரிப் முடிஞ்சதும் ஈவி, அதாவது இன்ஜின் ஆஃப்ல மோட்டார்லயே ஓடுன பங்கு, 60 சதவீதம்னு காட்டினா சந்தோஷம், 45 காட்டினா வருத்தம். ஆனா அந்த பேட்டரி எவ்வளவு பெருசுன்னு யாரும் கேக்குறதில்ல. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா பேட்டரி 0.76 கிலோவாட் அவர், அதாவது நம்ம வீட்டு ஈபி கணக்குல முக்கால் யூனிட். அதுலயும் முழுசா ஏத்தி முழுசா இறக்க கம்ப்யூட்டர் விடாது, பேட்டரி ஆயுசுக்காக நடுவுல இருக்கிற பாதியத்தான் புழங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கு, இந்த இன்ஜின் நல்லா ஓடுற நேரத்துல அதுல நாப்பது சதவீதம் வரைக்கும் வேலையா மாத்தும், அப்படின்னா மூணரை யூனிட். கணக்கு போட்டுப் பாருங்க, பேட்டரியில நீங்க புழங்கக்கூடிய மொத்த சார்ஜும் சுமார் 100 மில்லி பெட்ரோல் செய்யுற வேலைக்குத்தான் சமம். அந்த சார்ஜும் எங்கேந்து வந்துச்சு? இந்த வண்டிக்கு பிளக் கிடையாது. ஒண்ணு நீங்க பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டரா சுத்தி திரும்பக் கெடச்சது, இல்லன்னா இன்ஜின் பெட்ரோல் எரிச்சு ஏத்தினது. ரெண்டுமே பங்க்ல நீங்க காசு குடுத்து வாங்குன பெட்ரோல்தான். அதனாலதான் ஈவி சதவீதம் ஏறுறதுக்காக 25-ல உருட்டிக்கிட்டு, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வர மாதிரி ஓட்டுறவங்களுக்கு மைலேஜ் கூடுறதில்ல. ஈவி பட்டன அமுக்கி வலுக்கட்டாயமா பேட்டரிய காலி பண்ணா, அடுத்த நிமிஷம் இன்ஜின் அத திருப்பி ஏத்தணும், ஏத்துறப்ப கொஞ்சம் நஷ்டம், எடுக்குறப்ப கொஞ்சம் நஷ்டம்.

அப்ப எதப் பாக்கணும்? போட்ட லிட்டரையும் ஓடுன கிலோமீட்டரையும் பாக்கணும்.

டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல் முறை எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒரே ஒரு டேங்க்க வெச்சு முடிவு பண்றதுதான் பிரச்சினை. 702 கிலோமீட்டர் ஓடி 32.4 லிட்டர் புடிச்சிருக்குன்னு வைங்க, 21.7 வருது. ஆனா நாசில் ஆட்டோ கட் ஆகுறது பங்க்குக்கு பங்க் மாறும், தரை லேசா சாஞ்சிருந்தாலே மாறும், ஒரு லிட்டர் முன்ன பின்ன போனா அதே ஓட்டத்துக்கு 21-ம் வரும், 22.4-ம் வரும். வண்டி மாறல, உங்க அளவுதான் ஆடுது. அதனால முடிஞ்ச வரைக்கும் ஒரே பங்க், ஒரே பக்கத்து மெஷின், முதல் கட் ஆனதும் நிறுத்திடுங்க. ரவுண்டா வரணும்னு கழுத்து வரைக்கும் ஊத்தச் சொல்லாதீங்க, பெட்ரோல் ஆவியப் புடிக்கிற கேனிஸ்டர்ல பெட்ரோலே போய் அது கெட்டுப்போகும், அது தனி செலவு.

எழுதி வெக்கும்போது தேதி, ஓடோமீட்டர், லிட்டர் இந்த மூணு போதும், போன்லயோ டைரிலயோ எழுதுங்க. நாலஞ்சு டேங்க் சேந்ததும் மொத்த கிலோமீட்டர மொத்த லிட்டரால வகுங்க. இங்க நிறைய பேர் ஒவ்வொரு டேங்க்கோட மைலேஜையும் கூட்டி சராசரி எடுக்குறாங்க, அது தப்பு. ஒரு தடவை 600 கிலோமீட்டருக்கு 30 லிட்டர், அதாவது 20. அடுத்த தடவை 300-க்கு 12 லிட்டர், அதாவது 25. சராசரி 22.5-ன்னு தோணும், ஆனா நெஜத்துல 900-க்கு 42 லிட்டர் போயிருக்கு, 21.4 தான். டேஷ்போர்டு காட்டுற நம்பரையும் பக்கத்துலயே குறிச்சு வைங்க, பெரும்பாலும் அது பங்க் கணக்க விட கொஞ்சம் தாராளமா காட்டும், உங்க வண்டியில எவ்வளவு தாராளம்னு ஒரு தடவை தெரிஞ்சுட்டா அப்புறம் அதையே கழிச்சுப் பாத்துக்கலாம்.

20-லேந்து 22-க்கு ஏறுனா எவ்வளவு மிச்சம்னும் தெரிஞ்சுக்கணும். 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் போனது 4.55 லிட்டரா குறையுது. மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு நாலரை லிட்டர், லிட்டர் நூறு ரூபான்னு வெச்சா 450 ரூபா. நல்ல பணம்தான், ஆனா இதுக்காக டேங்க்ல ஊத்துற மைலேஜ் பூஸ்டர் பாட்டில், மாட்டுற மேக்னெட்னு காசு போடாதீங்க, எதுவும் வேலை செஞ்சு நான் பாத்ததில்ல.

ஓட்டுற முறைக்கு வருவோம். சிக்னல்ல கியர நியூட்ரல்ல தள்ளுறது நம்ம ஊர்ல ஊறிப்போன பழக்கம், மேனுவல் வண்டியில சரிதான், ஆனா டொயோட்டா ஹைபிரிட் சிஸ்டத்துல நியூட்ரல்ல இருக்கும்போது பேட்டரி சார்ஜே ஏறாது, ஏசி மட்டும் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நீளமான சிக்னல்கள்ல இத தினமும் பண்ணிட்டு பேட்டரி நிக்க மாட்டேங்குதுன்னு வர்றாங்க. டி-லயே (டிரைவ்) வெச்சு பிரேக்க மிதிச்சுக்கிட்டு நில்லுங்க, ரொம்ப நேரம் நிக்கணும்னா பார்க்ல போடுங்க. கிளம்பும்போது ஆமை மாதிரி நகர வேண்டாம், பவர் மீட்டர்ல முள்ளு ஈகோ பகுதியோட மேல் பக்கத்துல இருக்குற அளவுக்கு மிதிச்சு வேகத்த எடுத்துட்டு, 50 தொட்டதும் கால முழுசா எடுத்து திரும்ப லேசா வைங்க, இன்ஜின் அணைஞ்சு வண்டி மோட்டார்ல போகும். அப்புறம் முன்னாடி ரெட் சிக்னல் தெரியும்போதே கால எடுத்துடுங்க, பிரேக்க சீக்கிரமா, மெதுவா, நீட்டி போடுங்க. கடைசி நிமிஷத்துல அழுத்தி அடிச்சா மோட்டாரால அவ்வளவையும் வாங்க முடியாது, மிச்சம் பிரேக் பேட்ல சூடாப் போயிடும். சொல்லப்போனா ஹைபிரிட்ல ஓட்டுறவர் கையில இருக்கிற பெரிய மிச்சம் இந்த பிரேக் விஷயம்தான்.

ஹைவேஸ்ல சிட்டிய விட கம்மியா வருதேன்னு பயந்துக்கிட்டு வர்றவங்களும் உண்டு. நின்னு நின்னு போற ரோட்லதான் ஹைபிரிட்டுக்கு ஆதாயம், ஜிஎஸ்டி ரோடு தாண்டி திருச்சி போறப்ப பிரேக்கே போடலன்னா திரும்பக் கெடைக்க என்ன இருக்கு, அங்க முழுக்க இன்ஜின் வேலைதான். காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80-ல இருக்கிறத விட 100-ல ஒண்ணரை மடங்குக்கும் மேல. 85-லேந்து 90-க்குள்ள நிதானமாப் போனா வித்தியாசம் ஒரே டேங்க்ல தெரியும்.

ஏசி. ஸ்ட்ராங் ஹைபிரிட்ல ஏசி கம்ப்ரசர் கரண்ட்லதான் ஓடுது. ஸ்கூல் வாசல்ல புள்ளைக்காக ஏசி போட்டுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தா, மணிக்கு ஒரு யூனிட் இழுக்குற ஏசி, புழங்கக்கூடிய கால் யூனிட் சொச்சத்த இருபது நிமிஷம் சொச்சத்துல காலி பண்ணிடும், வெயில்ல இன்னும் சீக்கிரம், அப்புறம் நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடும், ஓடோமீட்டர் நகராது. வெயில்ல நின்ன வண்டிய ரெண்டு நிமிஷம் கண்ணாடி இறக்கி சூட்ட வெளிய விட்டுட்டு, உள்காத்து சுத்துற பட்டன போட்டு 24, 25-ல வைங்க. அதே மாதிரி ரெண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவைன்னு ஓட்டுனா எந்த ஹைபிரிட்டும் மைலேஜ் குடுக்காது, இன்ஜினும் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாகுறதுக்கே பெட்ரோல் போயிடும். முடிஞ்சா வேலைகள ஒரே ரவுண்டுல முடிங்க.

மலை இறக்கத்த பத்தி மைலேஜ விட பாதுகாப்புக்காக சொல்றேன். ஊட்டி 2240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் அதுல கிட்டத்தட்ட 1900 மீட்டர் கீழ. ஆளோட சேத்து 1600 கிலோ வண்டி அவ்வளவு இறங்குனா வெளிய வர்ற சக்தி சுமார் 8 யூனிட், டயரும் காத்தும் தின்னது போக மிச்சத்த வாங்க உங்ககிட்ட இருக்கிறது முக்கால் யூனிட் பேட்டரி. ஆரம்பத்துல சில கொண்டை ஊசி வளைவுலயே அது நெறஞ்சுடும், அதுக்கப்புறம் பிரேக் முழுக்க பேட் மேலதான். அதனால டி-க்கு பக்கத்துல இருக்கிற பி-ல (B) போடுங்க, பார்க்கிங் பி (P) இல்ல, இன்ஜின் பிரேக்கிங்குக்குன்னு இருக்கிற பி. இன்ஜின் சத்தம் போட்டு சுத்தும், பயப்படாதீங்க, பெட்ரோல் எரியல, வண்டிய புடிச்சு நிறுத்துது. நியூட்ரல்ல மட்டும் மலை இறங்காதீங்க, தயவுசெஞ்சு. சமதரைல பி வேண்டாம், டி தான் சிக்கனம்.

டயர். காத்து கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவு, காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, குளுந்த டயர்ல பாக்கணும். மைலேஜுக்காக 40, 45 அடிக்கிறவங்க இருக்காங்க, மழைல பிரேக் சரியா புடிக்காது, டயரோட நடுப்பகுதி சீக்கிரம் தேஞ்சுடும், வேண்டாம். இன்னொரு விஷயம், புது டயர் போட்ட ஒடனே மைலேஜ் குறைஞ்சிடுச்சுன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு. 215/60 ஆர்17 டயரோட குறுக்களவு சுமார் 690 மில்லிமீட்டர், தேஞ்சு தேஞ்சு அது 12 மில்லி கிட்ட குறையும், சக்கரம் சின்னதானதால ஓடோமீட்டர் ஒண்ணே முக்கால் சதவீதம் கூட காட்டிக்கிட்டு இருந்துச்சு. புது டயர் போட்டதும் அது போயிடுச்சு, கூடவே தடிமனான புது ரப்பர் கொஞ்சம் இழுக்கும். டயர் மாத்துன தேதிய டைரியில குறிச்சு வெச்சா இந்தக் குழப்பமே வராது.

பெட்ரோலும் மாறியிருக்கு. எத்தனால்ல ஒரு லிட்டருக்கு பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. 10 சதவீதம் கலந்ததுலேந்து 20 சதவீதத்துக்கு போனதுல, கணக்குப்படியே மூணரை சதவீதம் சக்தி குறையுது, 22 குடுத்த வண்டி 21.2 குடுத்தா அதுல கோளாறு எதுவும் இல்ல. பழைய டைரிக் கணக்கோட ஒப்பிடுறப்ப இத கழிச்சுக்கோங்க.

இதெல்லாம் தாண்டி டேங்க்குக்கு டேங்க் குறைஞ்சுக்கிட்டே போனாத்தான் வண்டிய சந்தேகப்படணும். ஈசிஆர் பக்கம் கடலோரம் வீடு இருக்கிற ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருத்தர் டைரியோட வந்தார், 22.5, 22.3, 21.4, 20.1, 19.2-ன்னு வரிசையா எழுதியிருந்தார். ரூட்டு மாறல, டயர் காத்து சரியா இருந்துச்சு, வார்னிங் லைட் எதுவும் இல்ல, ஓட்டிப் பாத்தா எனக்கே ஒண்ணும் தெரியல. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து வீல் பக்கத்துல டெம்பரேச்சர் கன்ன காட்டுனேன், மூணு வீல் 60 டிகிரி பக்கம், பின்னாடி வலது பக்கம் மட்டும் 110 தாண்டி. கழட்டிப் பாத்தா, பேட டிஸ்க் மேல அழுத்துற காலிப்பர் நகர்றதுக்கு இருக்கிற ஸ்லைட் பின் கிரீஸ் காஞ்சு துருப்புடிச்சு இறுகியிருக்கு, பேட் டிஸ்க்க விடாம உரசிக்கிட்டே இருந்திருக்கு. ஹைபிரிட்ல பிரேக் பேடுக்கு வேலை கம்மி, அதனால பேட் ரொம்ப நாள் வரும்னு சந்தோஷப்படுறோம், ஆனா வேலை இல்லாததாலயே உப்புக்காத்துல இந்த பின்னுங்க புடிச்சுக்கும். சுத்தம் பண்ணி கிரீஸ் வெச்சு விட்டோம், அடுத்த டேங்க்ல 22 வந்துடுச்சு. அந்த டைரி இல்லன்னா டிஸ்க் வீணாப் போற வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

அதனால சர்வீசுக்கு விடும்போது மூணு விஷயத்த ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. பேட் தேயலன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை நாலு காலிப்பரையும் கழட்டி கிரீஸ் வெக்கணும். ஆயில் மேனுவல்ல சொன்ன கிரேடுதான் ஊத்தணும், இந்த இன்ஜின்களுக்கு ஜீரோ டபிள்யூல ஆரம்பிக்கிற மெல்லிசான ஆயில் சொல்லியிருப்பாங்க, வெளிய சில இடத்துல கையில இருக்கிற கெட்டி ஆயில ஊத்திடறாங்க, டின்ன கண்ணால பாருங்க. மூணாவது, பேட்டரி கூலிங் ஃபேன் ஃபில்டர். காத்து உள்ள போற ஓட்டை சில வண்டியில பின் சீட்டு பக்கத்துல இருக்கும், சிலதுல முன் சீட்டுக்கு அடியில, உங்க வண்டியில எங்கன்னு சர்வீஸ் அட்வைசர காட்டச் சொல்லி, அதுமேல பை, துணி, பொம்மை எதுவும் வெக்காம பாத்துக்கோங்க, நாய் வளக்குற வீடுன்னா அந்த ஃபில்டர ஆறு மாசத்துக்கு ஒருக்கா சுத்தம் பண்ணச் சொல்லுங்க.